சீட்டு இல்லாத ஜாடியை விற்காதீர்கள்

பழைய பீங்கான் வாங்கி விற்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

திருப்போரூரிலிருந்து எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேரின் முகம் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் பொழுது விடியும் முன்பே வந்து, செல்போன் வெளிச்சத்தில் மூட்டையைப் பிரிக்கச் சொல்லி நிற்பவர்கள் நீங்கள். மீதிப் பேரைப் போனில் மட்டும் பார்க்கிறேன். ஜன்னலோரம் ஓர் ஊறுகாய் ஜாடி, அதில் செருகிய நாலு காய்ந்த புல், கீழே விலை. நன்றாக விற்கட்டும். என் அம்மா வாரம் முழுக்க அலைந்து விற்றதை நீங்கள் ஒரு சாயங்காலத்தில் விற்றுவிடுவதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைகூட வருகிறது. பொறாமையில்தான் எழுதுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசி வரை படித்துவிட்டு நினையுங்கள்.

உங்கள் மேல் எனக்கிருக்கும் வருத்தம் இதுதான். ஜாடியை வாங்கும் வீட்டில் ஒன்று பேசுகிறீர்கள், விற்கும் இடத்தில் வேறொன்று பேசுகிறீர்கள். மானாமதியிலோ சிறுதாவூரிலோ ஓர் ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “இதையெல்லாம் காயலான் கடையில்கூட எடுக்கமாட்டான் ஆயா, உனக்கு வேணும்னா ஒரு பிளாஸ்டிக் பக்கெட் தரேன்” என்கிறீர்கள். கொஞ்ச நாளில் அதே ஜாடி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியின் வரவேற்பறையில் நிற்கிறது. அங்கே அதற்கு இருநூறு வயது. டச்சுக்காரன் கப்பலில் கொண்டுவந்தது, சதுரங்கப்பட்டினம் கோட்டையில் கிடந்தது என்று கதை. விலையோ பக்கெட்டைப் போல ஐம்பது மடங்கு. ஆயாவுக்குச் சொன்னதும் பொய், விடுதிக்காரருக்குச் சொன்னதும் பொய்.

வியாபாரம் என்றால் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும் என்பீர்கள். மற்ற வியாபாரத்துக்கு அது பொருந்தும். பித்தளை அண்டாவை நீங்கள் எவ்வளவு அடித்துக் கேட்டாலும் அதற்குக் கிலோ விலை என்று ஒன்று இருக்கிறது. அது ஊருக்கே தெரியும், அதற்குக் கீழே யாரும் தரமாட்டார்கள். செம்பு, வெண்கலம், இரும்பு, ஏன், பழைய செய்தித்தாளுக்குக்கூட எடை விலை உண்டு. பீங்கானுக்குக் கிடையாது. அதை உருக்க முடியாது. காயலான் கடைக்காரர் தொடமாட்டார். முழு ஜாடியும் உடைந்த சில்லும் அவருக்கு ஒன்றுதான், இரண்டுக்கும் காசு தரமாட்டார். அப்படியிருக்க ஒரு பழைய ஜாடிக்கு விலை எங்கிருந்து வருகிறது? அதைப் பற்றி நாம் சொல்வதிலிருந்துதான் வருகிறது. எந்த ஊரில் இருந்தது, எந்த ஆலையில் செய்தது, என்ன காலம், குறை உண்டா இல்லையா. நம் தொழிலில் வாய்தான் தராசு. அதன் அடியில் புளியை ஒட்டிவிட்டு வியாபார சாமர்த்தியம் என்று சொல்லாதீர்கள்.

எங்கள் குடும்பம் இதற்குள் வந்தது என் ஆயா காலத்தில். எவர்சில்வர் ஒவ்வொரு வீடாகப் பிடித்துக்கொண்டிருந்த காலம். ஆயா கூடையில் டம்ளர், தட்டு, தூக்கு என்று அடுக்கிச் சுமந்துகொண்டு தையூர், ஆலத்தூர், தண்டலம், நெம்மேலி என்று கால்நடையாகப் போவாள். சரிகைப் புடவை, பித்தளை, ஈயச் சொம்பு எதுவானாலும் வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுப்பாள். பீங்கானை அவள் தேடிப் போகவில்லை. “இடத்தை அடைச்சிக்கிட்டு கெடக்குது, இதையும் எடுத்துக்கினு போ” என்று பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார்கள். கடை ஊறுகாய் பாட்டிலும் பிளாஸ்டிக் டப்பாவும் வர வர, ஜாடி அடுப்படியிலிருந்து பரணுக்கும் பரணிலிருந்து கொல்லைக்கும் போய்க்கொண்டிருந்தது. ஆயா அதற்கு வைக்கோல் சுற்றி, பஸ் மேலே ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுபோவாள். மூர் மார்க்கெட்டில் வாங்க ஆள் இருந்தார்கள். 1900இல் திறந்த அந்தச் சந்தை 1985 மே மாதம் எரிந்தபோது பழம்பொருள் விற்றவர்கள் சிதறிப்போனார்கள். கொஞ்சம் பேர் அல்லிக்குளம் வளாகத்தில் ஒதுங்கினார்கள். எங்களுக்கு அதன் பிறகு பல்லாவரம் சந்தைதான். அம்மாவோடு நான் போனேன், என்னோடு என் மகள் வருகிறாள். பழசு பார்க்கப் போவது என்று வீட்டில் சொல்வோம். பிள்ளைகளுக்கு அது திருவிழா. யார் கண்ணுக்கு நல்ல சாமான் முதலில் படுகிறது என்று பந்தயம் நடக்கும்.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கறாரான வழக்கங்கள் இருந்தன. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் காரியம் முடியும்வரை அந்த வாசலில் போய் நிற்கமாட்டாள். சாமானைக் கையில் எடுக்கும் முன்பே, “நான் இதை இன்ன விலைக்கு விப்பேன், உனக்கு இவ்வளவு” என்று சொல்லிவிடுவாள். விற்கிற விலையில் மூன்றில் ஒரு பங்காவது வீட்டுக்குப் போகவேண்டும் என்பது அவள் கணக்கு. மீதியில்தான் வண்டிக் கூலி, உடைசல், மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும் நஷ்டம் எல்லாம். நாலு ஜாடி இருக்கும் வீட்டில் மூன்றுதான் எடுப்பாள், ஒன்றை மகளுக்கோ மருமகளுக்கோ வைத்துக்கொள்ளச் சொல்வாள். புண்ணியத்துக்காகச் செய்தாள் என்று நான் சொல்லவரவில்லை. அடுத்த வருஷமும் அதே தெருவில் கூடையை இறக்கவேண்டியவள் அவள். பொய் சொன்னால் அந்தத் தெரு மூடிப்போகும். நீங்களோ ஓர் ஊருக்கு ஒரு தடவைதான் போகிறீர்கள். அந்த வீடும் மறுபடி போகும்போது இருக்காது, அந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பியிருக்கும். உங்களைத் தட்டிக் கேட்க அந்தத் தெருவே மிஞ்சாது என்ற தைரியம் உங்களுக்கு.

நீங்கள் விற்பது என்ன என்று உங்களுக்கே முழுக்கத் தெரியுமா என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மேலே காப்பிக் கலர், கீழே சந்தனக் கலர் என்று இரு நிறத்தில் வரும் ஜாடியை எல்லோரும் அழகுக்கு வாங்குகிறார்கள். செய்தவர்கள் அதை உப்புக்குச் செய்தார்கள். கோவளம், கேளம்பாக்கம் உப்பளத்துக் கல் உப்பு மூட்டையாக வந்து இறங்கிய வீடுகள் நம் பக்கத்து வீடுகள். அந்த உப்பை மண் பானையில் வைத்தால் ஈரம் கசிந்து வெளியே வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், நாளாக ஆகப் பானை பொரிந்து உதிரும். பித்தளையில் புளியும் உப்பும் சேர்ந்தால் களிம்பு ஏறும். அலுமினியத்தை அரிக்கும். மட்டமான எவர்சில்வரில்கூடப் புள்ளி விழும். இந்த ஜாடிக்கு ஏற்ற களிமண்ணைத் தேர்ந்து, ஆயிரத்து இருநூறு டிகிரி செல்சியஸையும் தாண்டிய சூட்டில் சுட்டால், மண் தனக்குள் இறுகித் தண்ணீர் குடிக்காத பொருளாகிவிடுகிறது. அதில் ஒரு ரகத்துக்குச் சூளை உச்ச சூட்டில் இருக்கும்போது உப்பையே அள்ளி உள்ளே வீசுவார்கள். உப்பிலிருக்கும் சோடியம் மண்ணிலிருக்கும் சிலிக்காவோடு கூடி ஜாடி மேல் கண்ணாடிப் படலமாகப் படியும். விரலால் தடவினால் பொடிப் பொடி மேடாகத் தெரியுமே, அது அந்த ரகம். மாவடுவும் நார்த்தங்காயும் ஆவக்காயும் வருஷத்துப் புளியும் வாயில் வேடு கட்டி அடுத்த பருவம் வரை கெடாமல் இருந்ததற்கு ஜாடியும் காரணம். இதைத் தெரிந்துகொண்டு விற்றுப் பாருங்கள், டச்சுக்காரன் உதவியே உங்களுக்குத் தேவைப்படாது.

இந்த ஜாடிகளில் பெரும்பாலானவை நம் நாட்டு ஆலைகளில் செய்தவை. 1906இல் ராணிப்பேட்டையில் உர ஆலை தொடங்கிய பாரி கம்பெனி பிற்பாடு அங்கேயே பீங்கான் வேலையும் செய்தது. குவாலியர் பாட்டரீஸ், கல்கத்தாவின் பெங்கால் பாட்டரீஸ் என்று ஆலைகள் இருந்தன. விருத்தாசலத்தில் இன்றும் செராமிக் தொழில் இருக்கிறது, அதைச் சொல்லிக்கொடுக்கும் அரசு நிலையமும் இருக்கிறது. காரைக்குடிப் பக்கத்துச் சரக்கு வேறு ரகம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன நகரத்தார் கொண்டுவந்த மங்குச் சாமான், ஐரோப்பாவின் எனாமல் தட்டு, ஜப்பான் கோப்பை, பர்மாத் துறைமுகத்தின் பேரால் மர்தபான் என்று அழைக்கப்படும் கரும்பழுப்புப் பெரிய ஜாடி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நாள் சுற்றினால் இவ்வளவும் கண்ணில் படும். நீங்கள் எல்லாவற்றையும் விண்டேஜ் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறீர்கள். மளிகைக் கடையில் எல்லா மூட்டைக்கும் பருப்பு என்று எழுதி வைப்பார்களா?

வயது விஷயத்துக்கு வருகிறேன். சாமானைக் கவிழ்த்துப் பாருங்கள், பல நேரம் அதுவே சொல்லிவிடும். வெளிநாட்டுச் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்ற பேர் இருக்கவேண்டும் என்று அமெரிக்கா 1891 முதல் சட்டமாக்கியது. உலகத்துப் பீங்கான் ஆலைகள் பலவும் அதை ஒட்டித்தான் முத்திரையில் நாட்டுப் பேரைச் சேர்த்தன. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று அடியில் உள்ள தட்டை ‘கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துத் தட்டு’ என்று விற்கிறீர்களே, எந்தக் கணக்கில்? ‘ஆக்குபைடு ஜப்பான்’ என்று இருந்தால் இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பான் நேச நாட்டுப் படையின் பிடியில் இருந்த காலத்துச் சரக்கு அது. அந்தக் காலம் 1952இல் முடிந்தது. கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு அடுத்தவரிடம் மணி கேட்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கடிகாரம் காட்டுகிற நேரத்தை மறைத்துவிட்டு வேறு மணி சொல்லும் ஆட்களை இப்போதுதான் பார்க்கிறேன். முத்திரை இல்லாத ஜாடி ஏராளம், அதை மறுக்கவில்லை. அங்கே தெரியாது என்று சொன்னால் போயிற்று.

சரி, உங்கள் பேச்சு உண்மை என்றே ஒரு நிமிஷம் வைத்துக்கொள்வோம். தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்தது. நூறு வருஷத்துக்குக் குறையாத வயதுள்ள கலைப்பொருள், கைவினைப்பொருள், வரலாற்று மதிப்புள்ள பொருள் எல்லாம் அதன்படி தொல்பொருள். அதை வைத்து வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் தொல்லியல் துறை அகழ்ந்தபோது சீனப் பீங்கான் துண்டுகள், மண் புகைக்குழாய்கள் எல்லாம் கிடைத்தது உண்மைதான். அவை துறையின் சொத்து. மண்ணுக்குள் மறைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1878இலேயே புதையல் சட்டம் வந்துவிட்டது. ஆக, உங்கள் ஜாடி கோட்டையிலிருந்து வந்தது நிஜமானால் நீங்கள் செய்த குற்றத்துக்கு நீங்களே விளம்பரம் கொடுக்கிறீர்கள். பொய்யானால் வாங்கியவரை ஏமாற்றுகிறீர்கள். அறுபது வருஷத்து ராணிப்பேட்டை ஜாடி, தையூரில் ஒரு வீட்டில் புளி வைத்திருந்தது என்று உள்ளதைச் சொல்லி விற்றால் இந்த இரண்டு வம்பும் இல்லை.

ஊர்ப்பேர் எதற்கு, ஜாடி ஜாடிதானே என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். அவருக்காக ஒன்று சொல்கிறேன். 1944இல் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனார். அங்கே அலமாரி ஒன்றில் ஒரு மண் சாடியின் கழுத்தும் கைப்பிடியும் கிடந்தன. மத்தியதரைக் கடல் பக்கத்து ஒயின் சாடி அது என்று அவருக்குப் பார்த்ததும் தெரிந்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டார். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு என்று சொல்ல அங்கே ஆள் இருந்தார்கள். அடுத்த வருஷம் அரிக்கமேட்டில் தோண்டினார். இத்தாலியில் அரெஸ்ஸோ ஊர்ப் பாணியில் செய்த சிவப்புத் தட்டுகளின் உடைசல் கிடைத்தது. அந்தத் தட்டுகளின் காலம் ஐரோப்பாவில் நன்றாகத் தெரிந்திருந்தது, கிறிஸ்து பிறந்ததை ஒட்டிய காலம். அதை வைத்துக்கொண்டுதான் தென்னிந்திய மண்ணடுக்குகளுக்கு அவர் தேதி குறித்தார். நம் பக்கத்திலேயே பாலாற்று முகத்துவாரத்தில் வசவசமுத்திரத்தில் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோதும் அந்த மாதிரிச் சாடித் துண்டுகள் கிடைத்தன. ராமநாதபுரம் பெரியபட்டினத்தில் 1980களில் அகழ்ந்தபோது சீனப் பீங்கான் குவிந்தது, பாண்டியர் காலத்தில் சீனத்தோடு நடந்த கடல் வியாபாரத்துக்கு அது சாட்சி. இவ்வளவும் உடைந்த சில்லுகள். எங்கே கிடைத்தது என்பது தெரிந்ததால் பேசின. அந்த அலமாரித் துண்டு எங்கே கிடைத்தது என்று அன்றைக்குச் சொல்ல ஆளில்லாமல் போயிருந்தால் அது குப்பைதான்.

ஊறுகாய் ஜாடியும் அரிக்கமேடும் ஒன்றா என்று சிரிப்பீர்கள். ஒன்றில்லைதான். ஆனால் தையூர் வீடுகளில் எந்தக் காலம் வரை வருஷத்துப் புளி வைத்தார்கள், கோவளத்தில் எந்த ஆலைச் சரக்கு வந்தது, பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கையில் எதைச் சுமந்து வந்தார்கள் என்பதெல்லாம் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அந்த வீட்டு ஆயாக்களுக்கு மட்டும் தெரியும். அவர்களோடு கடைசியாகத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற வெளியாள் பல நேரம் நீங்கள்தான். பேராசிரியர் வரமாட்டார். பத்திரிகைக்காரர் வரமாட்டார். பக்கெட்டோடு நீங்கள் வருகிறீர்கள். முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவுக்குப் போயிருக்கிறீர்களா? 1996இல் திறந்தது. பழைய வீடுகளைத் தூணும் கதவுமாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். எந்தப் பக்கத்து வீடு, எந்தத் தொழில்காரர் வீடு என்று ஒவ்வொன்றுக்கும் சொல்கிறார்கள். அதனால்தான் பள்ளிப் பிள்ளைகளை பஸ் பஸ்ஸாக அங்கே கூட்டிப்போகிறார்கள். அதே தூணும் கதவும் ஊர்ப்பேர் இல்லாமல் ஒரு உணவகச் சுவரில் சாய்ந்திருந்தால் அது வெறும் மரம்.

இப்போது வீட்டுக்காரர் பக்கம். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஊர்களில் நிலத்தின் விலை உங்களுக்குத் தெரியும். கோடியில் நிலம் விற்றவருக்கு ஜாடிக் காசு எதற்கு என்று நீங்கள் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நிலம் விற்ற பணம் மகன்கள் பேரில் போகிறது. ஜாடி அந்த அம்மாவுடையது. பிறந்த வீட்டிலிருந்து வந்ததாகக்கூட இருக்கும். நாளைக்கு ஜேசிபி வருகிறது, வாடகை வீட்டில் இரண்டு அறைதான், மருமகளுக்கு இந்தச் சாமான் பிடிக்காது. இந்த மூன்றும் உங்களுக்குத் தெரிந்தே நீங்கள் அன்றைக்குப் போகிறீர்கள். இடிப்பதற்கு முந்தின நாள் போனால் மலிவு என்று நம் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதை நானே காதால் கேட்டேன். கேட்கவே நன்றாக இல்லை. நம் தொழிலுக்குச் சரக்கு தருபவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள். அவர்களுக்கு விலை தெரியாததுதான் உங்கள் லாபம் என்றால் அதற்கு வேறு பேர் இருக்கிறது, பத்திரிகையில் எழுத முடியாத பேர்.

வாங்குகிறவர் பக்கமும் கெட்டுப்போயிருக்கிறது. விரிசலை அரால்டைட் வைத்து அடைத்து, மேலே பெயிண்ட் அடித்து, நல்லது என்று விற்கிறார்கள். நேற்று குர்ஜாவிலிருந்து லாரியில் வந்த புது ஜாடியை டீத்தண்ணீரிலும் சேற்றிலும் ஊறவைத்துப் பழசாக்குகிறார்கள். குர்ஜாக்காரர்கள் செய்வது நல்ல சரக்கு, அதைப் புதுசு என்றே விற்றால் என்ன? விளக்கு செய்யவென்று அடியில் துளை போடுகிறீர்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. துளை விழுந்த ஜாடியில் மறுபடி ஒரு பிடி மாவடு போட முடியாது. ஏற்கெனவே விரிசல் விட்டதில் போடுங்கள், தாராளமாக. தட்டினால் கணீரென்று பேசும் ஜாடியைத் தொடாதீர்கள்.

இதைவிடப் பெரிய வினை உடம்பைத் தொடும் விஷயம். கெட்டியாகச் சுட்ட உப்பு மெருகு ஜாடி சாப்பாட்டுக்கு நல்லது. குறைந்த சூட்டில் சுட்டு, பளபளப்புக்காகக் காரீயம் கலந்த பூச்சுப் பூசிய சாமானும் பழசில் நிறைய உண்டு. உள்ளே கலர் பூ வரைந்த கிண்ணங்களிலும் அந்தச் சந்தேகம் உண்டு. புளிப்பு பட்டால் அந்த ஈயம் சாப்பாட்டில் இறங்கும். குழந்தைகளுக்கு அது மூளையைத் தாக்கும் விஷம். கண்ணால் பார்த்து அதில் ஈயம் இருக்கிறதா என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அப்படியிருக்க, ‘பாட்டி காலத்துப் பாத்திரத்தில் ஊறுகாய் போடுங்கள், ஆரோக்கியம்’ என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் சந்தேகப்பட்டதைப் பூ வைக்கத்தான் கொடுப்போம். சந்தேகப்படாததையும் இரவு முழுக்கத் தண்ணீர் நிரப்பிச் செய்தித்தாள் மேல் வைப்போம். காலையில் தாள் நனைந்திருந்தால் அது ஊறுகாய்க்கு ஆகாது.

நீங்கள் சொல்லப்போகும் மறுப்பும் எனக்குத் தெரியும். வீட்டுக்காரரிடம் உண்மை விலையைச் சொன்னால் அவர்கள் கிராக்கி செய்வார்கள், அக்கம் பக்கத்தில் கேட்பார்கள், சரக்கு கைவிட்டுப் போகும். போகும்தான். எங்கள் ஆயாவுக்கும் போனது. ஆனால் அவளைத் தேடி ஆள் அனுப்பிச் சரக்கு கொடுத்தார்கள், அதையும் சொல்லவேண்டும். ஊர்ப்பேரை எழுதினால் போட்டிக்காரன் அந்த ஊருக்கே போய்விடுவான் என்பது இன்னொரு மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் விற்று ஆறு மாதம் கழித்து ஊர்ப்பேரை வெளியே சொல்லுங்கள், வாங்கியவர் கையில் மட்டும் அன்றைக்கே கொடுங்கள். வீட்டாரின் பேரை அவர்கள் சரி என்றால் மட்டும் எழுதுங்கள், இல்லாவிட்டால் ஊர் போதும். வாங்குபவருக்கு இதெல்லாம் வேண்டாம், அழகு போதும் என்பது மூன்றாவது. உங்களிடம் வாங்குகிறவர்களை நீங்கள் ரொம்ப மட்டமாக எடைபோடுகிறீர்கள். கதைக்குத்தானே காசு கொடுக்கிறார்கள்? டச்சுக்காரன் கதையை நம்புகிறவர் தையூர்ப் புளிக் கதையை வேண்டாம் என்று சொல்வாரா?

ஆகவே நான் கேட்பது ஒன்று. ஒவ்வொரு ஜாடியோடும் ஒரு சீட்டு போகட்டும். உள்ளங்கை அகலச் சீட்டு போதும். எந்த ஊரில் வாங்கியது, அந்த வீட்டில் எதற்கு வைத்திருந்தார்கள், அடியில் என்ன முத்திரை, எங்கே விரிசல், எங்கே ஒட்டு, சாப்பாட்டுக்கு ஆகுமா ஆகாதா. தெரியாத இடத்தில் தெரியாது என்று எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். வீட்டில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லவில்லை, அவ்வளவு தைரியம் எனக்கே இல்லை. ஆனால் சீட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே எழுதுங்கள். அந்த அம்மாவைக் கேட்டுக் கேட்டு எழுதுங்கள். எழுத எழுத அவர்களுக்கே தெரிந்துவிடும், இது பக்கெட்டுக்குப் போகிற பொருளில்லை என்று. அதன் பிறகு நீங்கள் நியாயமான விலைதான் சொல்லவேண்டியிருக்கும். எனக்கு வேண்டியது அதுதான். மூன்றில் ஒரு பங்கு என்ற ஆயா கணக்கு உங்களுக்கு ஒத்துவராவிட்டால் உங்கள் கணக்கைச் சொல்லுங்கள், பேசுவோம்.

சீட்டுப் புத்தகம் அச்சடித்து வைத்திருக்கிறேன், கார்பன் வைத்து எழுதினால் ஒரு படி உங்களிடம் இருக்கும். செலவு என்னுடையது. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைகளில் பீங்கான் விரிக்கும் வரிசையில் கேட்டால் காட்டுவார்கள். வேலை இருக்கும் வாரத்தில் என் மகள் கையில் கொடுத்தனுப்புகிறேன். சந்தைக்கு வராதவர்கள் திருப்போரூருக்கு வாருங்கள். மாசித் தேருக்கு எப்படியும் பாதிப் பேர் வருவீர்கள், அதற்குள் ஒரு முடிவு சொன்னால் போதும். இதெல்லாம் நடக்காத காரியம் என்று நினைப்பவர்களும் வாருங்கள், எதனால் நடக்காது என்று என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திருப்போரூரிலிருந்து உங்கள் தொழிலைச் சேர்ந்த ஓர் அக்கா